ஒரு ஆளுக்கு ஒரு மேசை

ஏழாயிரத்துச் சொச்சம் தீவுகள் கொண்ட பிலிப்பைன்ஸ் நாட்டில், தனியாக இருக்கத் தெரிந்த மனிதன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவன் இருந்தால் அல்லவா பெருமைப்பட முடியும்? இந்தத் தீவுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல், எத்தனையோ லட்சம் வருடங்களாகத் தனியே உட்கார்ந்திருக்கிறது. அவற்றின்மேல் குடியேறிய நாங்களோ தீப்பெட்டி வாங்க மூன்று பேராகப் போகிறோம். ஒருவனுக்குப் பல் பிடுங்க ஐந்து பேர் போய் நிற்கிறோம். யாரை வாயைத் திறக்கச் சொல்வதென்று தெரியாமல் பல் மருத்துவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகிறார்.

நான் லுசேனா நகரத்துக் கல்லூரி ஒன்றில் சுற்றுலா நிர்வாகம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அதாவது மற்றவர்கள் எங்கே போகவேண்டும், எங்கே தூங்கவேண்டும், எதைப் பார்த்து வாயைப் பிளக்கவேண்டும் என்று சொல்வதற்குப் பயிற்சி பெறுகிறேன். போன பருவத்தில் வகுப்பின் முன்னால் நின்று, எங்கள் மக்களைப் பீடித்திருக்கும் துணைநோய் பற்றி உரை நிகழ்த்தினேன். முதல் கட்டத்தில் நோயாளி கழிப்பறைக்குத் துணை தேடுகிறான். இரண்டாம் கட்டத்தில், துணைக்கு வந்தவனுக்குத் துணை தேடுகிறான். மூன்றாம் கட்டத்தில் வேன் வாடகைக்கு எடுக்கிறான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்ததும் எல்லோரும் சேர்ந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

நோய் முற்றுவது சாப்பாட்டில். எங்கள் ஊரில் கரண்டி வாய்க்குப் போகும் வழியில் யாருடைய கண்ணாவது பட்டுவிட்டால், “வாங்க, சாப்பிடலாம்” என்று சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் ஒரே ஒரு அவித்த முட்டையை உரிக்கிறவன், முன்சீட்டு, பின்சீட்டு, ஓட்டுநர் உட்பட எல்லோரையும் அந்த முட்டைக்கு விருந்தாளியாக அழைக்கிறான். “நீங்க சாப்பிடுங்க, எனக்கு இப்பத்தான் ஆச்சு” என்று அவர்களும் பதில் சொல்லிவிடுவார்கள் என்பதால் நாடு பிழைத்திருக்கிறது. ஆனால் எங்கள் அம்மா பெர்லா நடத்தும் சாப்பாட்டுக் கடையில் யாரும் அப்படிப் பதில் சொல்வதில்லை. அங்கே கூப்பிட்டால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கடை, ஜீப்னி என்று நாங்கள் சொல்லும் நீளமான பயணிகள் ஜீப்புகள் திரும்பும் முனையில் இருக்கிறது. நீள மேசையின்மேல் வரிசையாகப் பானைகள். வருகிறவர்கள் மூடியைத் தூக்கிப் பார்த்து, விரலால் காட்டி, வேண்டியதை வாங்கிக்கொள்வார்கள். மூடியைத் தூக்குவதற்கென்றே சிலர் வருவார்கள். அவர்களில் முதன்மையானவர் மாங் டெரியோ. ஜீப்னி ஓட்டுநர். மாங் என்பது வயதுக்குத் தரும் மரியாதை. வேறு எதற்கும் அவருக்கு யாரும் மரியாதை தந்து நான் பார்த்ததில்லை. யாராவது தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவருக்குப் பொறுக்காது. தன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்து, “என்னப்பா, வீட்டுல சண்டையா?” என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கூட்டம் ஓய்ந்த பிறகு, அம்மா முட்டைக்கோசை நறுக்கிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்.

“உத்தோய், நீ படிக்கிறது ஊர் சுத்தறதுக்குத்தானே?”

எங்கள் பக்கம் வீட்டுப் பையனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு எழுபது வயதானாலும் அப்படித்தான்.

“ஊர் சுத்த வைக்கறதுக்கு, நானாய்,” என்றேன். எங்களுக்கு நானாய் என்றால் அம்மா, தாதாய் என்றால் அப்பா.

“அப்ப எனக்கு ஒண்ணு போட்டுக் குடு. மணிலா. ஒரு சனி, ஞாயிறு.”

“யார் யாரு?”

“நான்.”

“சரி, நீங்க. அப்புறம்?”

“அப்புறம் ஞாயித்துக்கெழம சாயங்காலம் திரும்பி வர்றேன்.”

அது தொழில்முறைக் கேள்வி என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எத்தனை பேர் என்று தெரியாமல் அறை போட முடியாது.

“தனியாவா?” என்றேன்.

“நீதானே அன்னைக்கிக் கத்திக்கிட்டு இருந்த, தனியா இருக்கத் தெரிஞ்சவன்தான் மனுசன்னு? நானும் ரெண்டு நாளைக்கி மனுசியா இருந்து பாக்கறேன்.”

“சரி. என்ன பாக்கணும்? பழைய கோட்டை, அருங்காட்சியகம், மிருகக்காட்சி...”

“அதெல்லாம் எங்கயும் ஓடிப் போகாது. எனக்கு எலும்பு சூப் சாப்பிடணும்.”

நான் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பின்மேல், இந்த உலகத்திலேயே பெரியது என்று மாங் டெரியோ சத்தியம் செய்யும் பானையில், விடியற்காலையிலிருந்து மாட்டுக் கால் எலும்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“மணிலாவுக்குப் போய் எலும்பு சூப்பா? தினமும் இங்க வைக்கறதே நீங்கதானே?”

“வைக்கறேன். சாப்பிட்டதில்ல.”

“நானே பாத்திருக்கேன்.”

“நீ பாத்தது ஆறினது.” கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். “கிண்ணத்துல ஊத்திக்கிட்டு உக்காருவேன். யாராவது உள்ள வருவாங்க. ‘வாங்க, சாப்பிடலாம்’னு வாய் அதுவா சொல்லிரும். அவங்க உக்காருவாங்க. எந்திரிச்சி அவங்களுக்குத் தட்டு, சோறு, மீன் சாஸ் எல்லாம் வச்சிட்டு வந்து பாத்தா, மேல கொழுப்பு வெள்ளையாப் படிஞ்சி கெடக்கும். அதைக் கரண்டியால ஒதுக்கிட்டுக் குடிப்பேன். யாரையும் கொறை சொல்லல. கூப்பிடறது நான்தான். இங்க இருக்கற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பேன். அதான், என்னையத் தெரியாத ஊர்ல, யாரோ வச்ச சூப்பு, ஒரு கிண்ணம். அடி வரைக்கும் சூடா.”

எலும்பு சூப்பை ஆறவைத்துக் குடித்தவர்களுக்கு நான் எதுவும் விளக்கத் தேவையில்லை. சூடாக இருக்கும்வரை அது ஒரு வரம். ஆறிவிட்டால் உதட்டில் மெழுகுவர்த்தி தடவியதுபோல் இருக்கும். இந்த ஊரில் பாதிப் பேர் அம்மாவின் கையால் அந்த வரத்தைக் குடித்து வளர்ந்தவர்கள். அவள் மெழுகுவர்த்தி தின்றுகொண்டிருந்திருக்கிறாள். தொழில்முறை முகம் ஒன்றை மாட்டிக்கொண்டு, “ஜன்னல் ஓரமா, உள் பக்கமா?” என்று கேட்டேன்.

“ஜன்னல் ஓரம்,” என்றாள் அம்மா. கத்தியை எடுத்த வேகத்தில் முட்டைக்கோஸ் பயந்திருக்க வேண்டும்.

அன்று மாலையே வேலையைத் தொடங்கினேன். கடற்கரைச் சாலைக்குப் பின்னால், மலாத்தே பகுதியில், ஒரு சின்ன விடுதி பிடித்தேன். ஒற்றை அறை வேண்டும் என்றேன். “ஒற்றை அறையில மூணு பேருக்கு மேல தங்க முடியாது சார்,” என்று வரவேற்பில் இருந்த பெண் கண்டிப்பாகச் சொன்னாள். ஒருவர்தான் என்று அவளை நம்பவைப்பதற்குள் அறை வாடகையில் பாதிக்குத் தொலைபேசியில் பேசிவிட்டேன். அதே தெருவில், எலும்பு சூப்புக்குப் பெயர்போனது என்று பலரும் எழுதியிருந்த உணவகத்துக்குக் கூப்பிட்டேன்.

“சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னல் ஓரமா ஒரு மேசை வேணும்.”

“எத்தனை பேர் சார்?”

“ஒருத்தங்க.”

“ஒருத்தங்களும் கூட எத்தனை பேரும்?”

“ஒருத்தங்க மட்டும்.”

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“பொறந்தநாளா சார்?”

“இல்லை.”

“ஓ.” குரல் தாழ்ந்தது. “எங்க ஆழ்ந்த அனுதாபங்கள் சார்.”

செய்தி வீட்டைத் தாண்டியது எப்படி என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மதியத்துக்குள் அம்மாவுக்கு மூன்று நோய்கள் வந்திருந்தன. மாலைக்குள் அவற்றில் ஒன்று முற்றிவிட்டது. பக்கத்துத் தெருப் பெண்மணி ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போனாள். அம்மா துபாய்க்கு வேலைக்குப் போகிறாள் என்று ஜீப்னி நிறுத்தத்தில் பேசிக்கொண்டார்கள். அப்பாவின் அக்கா தீத்தா சியோன் அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி உண்டு, அவள் பார்த்ததில்லை.

“பெர்லா, எங்கிட்ட மறைக்காத. டாக்டர் என்ன சொன்னாரு?”

“எந்த டாக்டர், அத்தே?” என்றாள் அம்மா. எங்கள் மொழியில் அத்தே என்றால் அக்கா.

“அப்ப டாக்டரக்கூட இன்னும் பாக்கலியா!”

அப்பா அம்போ, டிரைசைக்கிள் ஓட்டுகிறவர். பயணிகளோடு நாள் முழுக்கப் பேசித் தீர்த்துவிடுவதால் வீட்டில் அதிகம் பேசமாட்டார். அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் மீனைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நான் என்ன பண்ணேன், பெர்லா?”

“நீங்க ஒண்ணும் பண்ணல.”

“அதான் கேக்கறேன். என்ன பண்ணாம விட்டேன்?”

அம்மா சிரித்துவிட்டாள். “சூப்பு குடிக்கப் போறேன்யா. புருஷன விட்டுட்டுப் போறவ யாராவது விடுதி முகவரிய சுவத்துல ஒட்டிட்டுப் போவாளா?”

அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிந்தது. தெளிந்ததும் நோயின் மூன்றாம் கட்டத்துக்குப் போனார். வேன் எடுத்துவிடலாம் என்றார். வேன் என்றால் பதினாலு சீட்டு, ஒருத்தி போனால் பதிமூன்று சீட்டு சும்மா போகும், அது பாவம் இல்லையா என்றார் மாங் டெரியோ. அவர் எப்போது உள்ளே வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. மணிலாவில் அவருடைய சகோதரன் மகன் ஒருவன் காவலாளியாக இருக்கிறானாம், அம்மா தூங்கும்போது அறை வாசலில் நிறுத்திவைக்கலாமாம். தீத்தா சியோனுக்கு அதே சனிக்கிழமை மணிலாவில் ஒரு தேவாலயத்தில் நேர்த்திக்கடன் இருப்பது திடீரென்று நினைவுக்கு வந்தது.

“நான் அவ கூட வரல. அவ போற பஸ்ல வர்றேன். அது வேற, இது வேற.”

“ஓட்டலும் அதேவா, தீத்தா?” என்றேன்.

“அந்த வட்டாரத்துல எனக்கு வேற எதைத் தெரியும்?”

நான் எழுந்து நின்று, தனி என்ற சொல்லின் பொருளை அவர்களுக்கு விளக்கினேன். ஒரு மனிதப்பிறவி தன்னோடு தானே இரண்டு நாள் இருக்க முடியாதென்றால் அப்புறம் அது என்ன பிறவி என்று கேட்டேன். பின்னால் போய் நின்று பார்ப்பது, ஆள் வைத்துப் பார்ப்பது, தற்செயலாக அதே பஸ்ஸில் வருவது ஆகியவை எல்லாம் அன்பின் பெயரால் நடக்கும் ஆள்கடத்தல் என்றேன். நன்றாகவே பேசினேன். பேசி முடித்ததும் மாங் டெரியோ கைதட்டிவிட்டு, “அப்ப இவனையும் சேத்தா மிச்சம் பன்னெண்டு சீட்டு,” என்றார்.

வியாழக்கிழமை காலை அம்மா பானைக்குள் எலும்புகளை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு எலும்பையும் மெதுவாக, தண்ணீர் தெறிக்காமல் இறக்கினாள்.

“விட்டுரு, உத்தோய். அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“மேசை போட்டாச்சு, நானாய்.”

“அவங்களப் பாரு. ஒங்க அப்பா ராத்திரி தூங்கவே இல்ல. இத்தனை பேரக் கவலப்பட வச்சிட்டு நான் என்னத்தச் சூடாக் குடிக்கப் போறேன்? இங்கயே ஒரு நாளைக்கி வேகமாக் குடிச்சிக்கறேன்.”

அந்த நேரத்தில் யாரோ கடைக்குள் நுழைந்தார்கள். “வாங்க, சாப்பிடலாம்,” என்றாள் அம்மா. கடை இன்னும் திறக்கவில்லை. சாப்பாடும் ஆகவில்லை. வந்தவர் தண்ணீர்க் கணக்கு எடுக்க வந்தவர்.

எனக்குப் பொய் பிடிக்காது. ஆனால் நாட்டு மக்களின் மனநலம் என்று ஒன்று இருக்கிறது. அன்று இரவு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

“நானாய் தனியாப் போகல. கிளாரிட்டாவும் போறாங்க.”

அறைக்குள் காற்று வந்ததுபோல் இருந்தது. அப்பாவின் தோள்கள் இறங்கின. அம்மா என்னைப் பார்த்தாள். நான் மீனைப் பார்த்தேன்.

“எந்தக் கிளாரிட்டா?” என்றாள் தீத்தா சியோன்.

“சந்தையில வெங்காயம் விக்கறாங்களே, அவங்களோட அக்கா.”

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் ஒரு ஆளைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதைவிடத் திருடியதை ஒப்புக்கொள்வது எளிது.

“ஓ, அந்தக் கிளாரிட்டாவா!” என்றாள் தீத்தா. “அதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன? அவ நல்லவளாச்சே.”

“முழங்கால்தான் பாவம், சரியில்ல,” என்றார் மாங் டெரியோ. “என் ஜீப்னியிலதான் ஏறுவா. ஏத்தி விடறதுக்குள்ள எனக்கு இடுப்பு போயிரும்.”

“ரெண்டு பசங்களும் கவனிக்கிறதில்ல,” என்றாள் தீத்தா.

“ஒருத்தன் கவனிக்கிறான்,” என்று மாங் டெரியோ திருத்தினார்.

அம்மா எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். குழாயைத் திறந்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அப்பா என்னை அனுப்பினார். கிட்டப் போனால், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். “முழங்காலாம்டா,” என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. “எனக்கு அவளப் பாக்கணும்போல இருக்கு.”

அப்பா மட்டும் படுக்கப் போகும்முன் வாசலில் என்னை நிறுத்தினார்.

“நெசமாவே சூப்புக்குத்தான் போறாளா?”

“ஆமா, தாதாய். சூடாக் குடிச்சதே இல்லையாம்.”

அவர் டிரைசைக்கிளின் இருக்கையைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே இன்னொரு முறை துடைத்தார். “நான் தெனமும் சூடாத்தான் குடிக்கறேன்,” என்றார்.

சனிக்கிழமை காலை அம்மாவை வழியனுப்பப் பஸ் நிலையத்துக்கு எல்லோரும் வந்தோம். அம்மா நீலப்பூப் போட்ட சட்டை அணிந்திருந்தாள். அதற்கு அவளிடம் ஏற்கெனவே ஒரு கைப்பை பொருத்தமாக இருந்தது என்பதே எனக்குப் புதுச்செய்தி. தீத்தா சியோன் மரவள்ளிக்கிழங்குக் கேக் இரண்டு பெட்டி வாங்கி வந்திருந்தாள். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று கிளாரிட்டாவுக்கு.

“அவளுக்குச் சக்கரை வியாதி இருக்கே,” என்று மாங் டெரியோ கவலைப்பட்டார்.

“ஒரு துண்டு தின்னா ஒண்ணும் ஆகாது. எங்க அவ?”

“சரியாயாவுல ஏறிக்கறாங்க,” என்றேன். அது வழியில் வரும் அடுத்த ஊர்.

“முழங்காலுக்கு அதான் சவுகரியம்,” என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அப்பா பஸ்ஸுக்குள் ஏறி அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார். பிறகு தன் கைக்குட்டையை எடுத்து, மடித்து, பக்கத்து இருக்கையில் விரித்தார். ஏறியவர்கள் கேட்டபோதெல்லாம், “ஆள் வர்றாங்க, ஆள் வர்றாங்க,” என்று கையைக் குறுக்கே நீட்டினார். நடத்துனர் விசில் அடித்த பிறகே இறங்கினார். இறங்கி வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இரண்டு இருக்கையையும் தனதாக்கிக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, பள்ளிச் சுற்றுலா போகும் பிள்ளையைப்போல இரண்டு கையாலும் டாட்டா காட்டினாள்.

பஸ் போய்விட்டது. திட்டம் வெற்றி. நான் மிகவும் நிம்மதியாக இருந்தேன். கடைக்குத் திரும்பினோம். அப்பா சமைத்தார், மாங் டெரியோ எல்லா மூடிகளையும் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்ப மெதுவாக மூடினார். பதினொரு மணிவாக்கில் அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. விடுதி அறைக் கட்டில், வெள்ளை விரிப்பு, அதன்மேல் அவளுடைய இரண்டு பாதங்கள். கீழே, “கிளாரிட்டா தூங்குறா” என்று எழுதியிருந்தாள். கடையில் எல்லோருக்கும் காட்டினேன். “பாவம், முழங்கால் அலுப்பு,” என்றாள் தீத்தா.

நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? ஒரே ஒரு சிறு ஐயம். பயணத் திட்டம் வகுத்த ஒருவன், அதைக் களத்தில் சரிபார்க்காமல் விடுவது தொழில் நெறியாகுமா? ஜன்னல் ஓரம் என்று சொன்னோம். ஜன்னல் தெருவைப் பார்த்ததா, சாக்கடையைப் பார்த்ததா? பரிமாறுகிறவன் அனுதாபம் தெரிவித்துத் தொலைத்தால்? பாடப்புத்தகத்தில் இதைப் பற்றி எங்காவது கட்டாயம் இருக்கும். நூலகத்தில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அடுத்த மணிலா பஸ்ஸில் இடம் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, “வாங்க, சாப்பிடலாம்,” என்றார். “நீங்க சாப்பிடுங்க, இப்பத்தான் ஆச்சு,” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் பணிநிமித்தமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

மலாத்தேயில் வெயில் இறங்கியிருந்தது. தெருவின் ஒரு கோடியில் கடல், இன்னொரு கோடியில் போக்குவரத்து நெரிசல். நடுவில் அந்த உணவகம். ஜன்னல் பெரியது, தரையிலிருந்து மேலே வரைக்கும் கண்ணாடி. நல்ல தேர்வு. எதிர்ச்சாரியில், தார்ப்பாய்க்குக் கீழே, ஒரு பெண்மணி தள்ளுவண்டியில் இஞ்சி போட்ட அரிசிக்கஞ்சி விற்றுக்கொண்டிருந்தாள். நான் ஒரு கிண்ணம் கஞ்சி வாங்கிக்கொண்டு, அங்கே ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்து, வண்டிக்குக் கொஞ்சம் பின்னால் போட்டுக்கொண்டேன்.

“தனியாவா, தம்பி?” என்று கஞ்சிக்காரி கேட்டாள்.

“கூட ஒருத்தங்க இருக்காங்க. கொஞ்சம் தள்ளி.”

அம்மா வந்தாள். முடியை அவிழ்த்துக் கட்டியிருந்தாள். கடல் காற்றில் கொஞ்சம் கலைந்திருந்தது. வெயிலில் நடந்திருக்கிறாள் போலும், முகம் பளபளவென்று இருந்தது. பரிமாறுகிற பையன் இரண்டு தட்டு, இரண்டு கரண்டி கொண்டுவந்து வைத்தான். அம்மா ஏதோ சொன்னாள். அவன் வாசலைப் பார்த்தான். அம்மா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். அவன் ஒரு தட்டை எடுத்துப் போனான். எதிர் நாற்காலியை இன்னொரு கும்பல் வந்து கேட்டது; அம்மா தாராளமாகக் கொடுத்துவிட்டாள். மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றி, ஒரு பாதத்தின்மேல் இன்னொன்றை வைத்துக்கொண்டாள்.

“ஆறுது, தம்பி,” என்றாள் கஞ்சிக்காரி, என் கிண்ணத்தைக் காட்டி.

“கொஞ்சம் இருங்க. அங்க இன்னும் வரல.”

அப்போதுதான் கைபேசி அடித்தது. அப்பா.

“எங்கடா இருக்க?”

“நூலகத்துல.”

பின்னால் ஒரு ஜீப்னி காது கிழிய ஒலி எழுப்பிக்கொண்டு போனது. அப்பா அது போய் முடியும்வரை காத்திருந்தார்.

“அவ தெரியறாளா?”

நான் முக்காலியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன். “தெரியறாங்க.”

“சூப்பு?”

“இப்பத்தான் கொண்டுவர்றான். ஆவி பறக்குது.”

“கிட்டப் போகாத.”

“போகல, தாதாய்.”

“ஆறிரும்டா.” அவருக்குப் பின்னால் கடைச் சத்தம் கேட்டது, மூடிகள் கிணுகிணுத்தன, அதற்கும் மேலே தீத்தா சியோனின் குரல்: “பேசறது உத்தோயா? கிளாரிட்டா என்ன சாப்பிடறான்னு கேளு, அவளுக்குக் கொழுப்பு ஆகாது!” அப்பா எதையும் கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. நான்தான் என் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தேன்.

“கஞ்சின்னு சொல்லுங்க,” என்றேன்.

எதிரே கிண்ணம் மேசையில் இறங்கியது. எலும்பு விளிம்புக்கு மேலே நிமிர்ந்து நின்றது. அம்மா இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்து, சுட்டதும் கையை உதறிக்கொண்டு, தனக்குத்தானே சிரித்தாள். கரண்டியை எடுத்தாள். யாரோ ஒரு முதியவர் அவளுடைய மேசையை ஒட்டி நடந்து போனார், அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே. அம்மா நிமிர்ந்தாள். அவளுடைய உதடுகள் பிரிவதை நான் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். காதில் வைத்திருந்த போனில் அப்பாவின் மூச்சு நின்றதுபோல் இருந்தது. என்னுடையதைத்தான் அப்படி நினைத்துக்கொண்டேனோ என்னவோ. முதியவர் கடந்து போனார். அம்மா உதட்டை மூடிக்கொண்டு, குனிந்து, கரண்டியில் இருந்த சூப்பை ஊதாமல் அப்படியே குடித்தாள். சுட்டிருக்க வேண்டும். கண்ணை இறுக்கி மூடினாள். திறக்க வெகுநேரம் ஆயிற்று.

நானும் என் கரண்டியை எடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்தால் நான் ஒரு வாய். அவள் நிறுத்தி எலும்பைத் திருப்பினால் நானும் நிறுத்தினேன். அவள் கிண்ணத்து ஆவியில் ஜன்னல் கண்ணாடி அடியிலிருந்து மெல்ல வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் அவளுடைய பாதங்கள் மறைந்தன, பிறகு மேசை, பிறகு நீலப்பூச் சட்டை, கடைசியில் அந்த வெண்மைக்குள் ஒரு கை மட்டும் அவசரமே இல்லாமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.